சிவப்பு பூசாத சக்கரம்

அந்தப் பழைய ராணுவ லாரியின் ஒவ்வொரு சக்கரத்திலும் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை அச்சோடு பிடித்திருப்பவை. அவற்றைக் கழற்றினால் சக்கரம் முழுசாகக் கையோடு வந்துவிடும். வெளிவட்டத்து நட்டுகளுக்கு வேறு வேலை. ரிம் இரண்டு பாதிகளாகச் செய்தது; அந்தப் பாதிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருப்பவை அவை. டயரில் காற்று இருக்கும்போது அவற்றைக் கழற்றினால் இரண்டு பாதிகளும் பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஏது என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் வெளிவட்டத்து நட்டுகளுக்குச் சிவப்பு பூசி வைப்பார்கள்.

என் தங்கையின் கணவர் அந்த வெளிவட்டத்து நட்டுகளைக் கழற்றித்தான் செத்துப்போனார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏன் கழற்றினார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தங்கையிடம் சொல்ல எனக்கு முப்பத்தெட்டு நாள் ஆனது.

ராணுவம் வேண்டாம் என்று தள்ளிவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, சரிபார்த்து, சாதாரண லாரி ஏறாத மேட்டுக்கெல்லாம் சாமான் கொண்டுபோவது என் பிழைப்பு. என்னிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்றை நான் ஓட்டினேன். இரண்டாவது, பதினோரு வருடம் ஒரே கொட்டகையில் நின்ற வண்டி. அதன் மீட்டரைப் பார்த்து ஏலத்துக்கு வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஓடவே இல்லை, புது வண்டி என்றார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. ஓடிய வண்டி தன் நோயைச் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். நின்ற வண்டி வாயைத் திறக்காது. டயரின் மேல் இருக்கும் பட்டன் கட்டைகள் தேயாமல் இருக்கும். பக்கவாட்டில் அச்சடித்த வருடத்தைப் பார்த்தால் என் தங்கை மகளைவிட மூத்ததாக இருக்கும். பிரேக்கின் ரப்பர் குழாய்கள் பார்க்க நன்றாக இருக்கும். மடக்கினால் உள்ளே வெடித்திருப்பது தெரியும். டீசல் டாங்கின் அடியில் துரு, மாவு மாதிரி படிந்திருக்கும். மோசமானது பிரேக் சிலிண்டர்கள். ஈரம் உள்ளே போய், பிஸ்டன் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போவேன். சின்னச் சுத்தியலால் சட்டத்தை முனையிலிருந்து முனைவரை தட்டிக்கொண்டே போவேன். துரு தின்ற இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு, அதில் செய்ய வேண்டிய வேலைகள் நாற்பத்திரண்டு வரி. எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எல்லோரும் வேலையை முடித்துவிட்டு டிக் போடுவார்கள். நான் காலையில் முதலிலேயே அன்றைய வரிகளுக்கு டிக் போட்டுவிடுவேன். போட்ட டிக் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருக்கும், செய்து முடிக்காமல் சாப்பாடு இறங்காது. இருபது வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். என்னை நானே நம்பும் திமிர் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதற்கு ஒழுங்கு என்று பேர் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை அடிப்படையில் தையல்காரர். அவர் வேலை பார்த்த தையல் கூடத்தை மூடிவிட்டார்கள். நாற்பது வயதில் லாரி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த இரண்டாவது வண்டி அவருக்கு என்று முடிவாயிற்று. என்னைவிட இரண்டு வயது சின்னவர். மச்சான் மச்சான் என்று மரியாதையாகத்தான் பேசுவார். வண்டியையும் துணி தைப்பது மாதிரிதான் ஓட்டுவார்: மெதுவாக, கோணாமல். எந்த நட்டைக் கழற்றினாலும் ஒரு துணியை விரித்து அதன்மேல் பொத்தான் மாதிரி வரிசையாக அடுக்கி வைப்பார். காஜா எடுக்கப் போறீங்களா மாப்பிள்ளை என்று நான் கிண்டல் செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என்னோடு குடித்தனம் நடத்த யாரும் முன்வராததற்கு அதுதான் காரணம் என்று தங்கை வெளிப்படையாகவே சொல்வாள். ஒருநாள் நான் வண்டிக்கு அடியில் கண்ணில் விழுந்த துருவோடு போராடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை குனிந்து, சக்கரத்தில் எதற்கு இரண்டு வட்டம், உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டார். எழுந்து வந்து, பழைய ரிம் ஒன்றைப் பிரித்துக் காட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் எழுந்திருக்கவில்லை.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை? சிவப்பைத் தொடாதீங்க. மத்ததைக் கழட்டுங்க. அவ்வளவுதான்."

அவர் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிவப்பைத் தொடக்கூடாது, மற்றதைக் கழற்றலாம். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அந்த இரண்டாவது வண்டியின் நோட்டில் பத்தொன்பதாம் வரி, வெளிவட்டத்துக்குச் சிவப்பு பூசுவது. ஐந்து சக்கரங்களையும் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, முழுக்கப் பச்சை அடித்துக் காய வைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல டிக் போட்டுவிட்டுச் சின்னப் பிரஷ்ஷோடு உட்கார்ந்தேன். நாலு சக்கரம் முடிந்தது. ஐந்தாவது, மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னி. டின்னின் அடியில் சிவப்பு கெட்டிப்பட்டுவிட்டது. வாங்கக் கடைக்குப் போனேன், கடை பூட்டியிருந்தது. திரும்பும் வழியில் அவசரமாக ஒரு லோடு வந்தது. ஸ்டெப்னியைத் தூக்கி அதன் இடத்தில் மாட்டிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அந்த நாளை வரவே இல்லை. டிக் மட்டும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து முன்பக்க இடது டயரில் வெடிப்பு கண்டது. அதைக் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டதும் நான்தான். என் கை நேராக உள்வட்டத்துக்குப் போயிற்று. சிவப்பு இருக்கிறதா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை. தெரிந்தவனுக்குச் சிவப்பு எதற்கு? அது தெரியாதவனுக்காகப் பூசுவது.

அன்று மாப்பிள்ளை மேட்டில் நடக்கும் ரோடு வேலைக்குத் தண்ணீர் டாங்க் ஏற்றிப் போயிருந்தார். ஒரு வாரமாக மழை, பாதை முழுக்கச் சேறு. பதினோரு மணிக்குப் போன் வந்தது. நான் என் வண்டிக்கு அடியில், கியர் பெட்டியை மார்பில் தாங்கிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு கையால் போனை எடுத்தேன். முன்பக்க இடது சக்கரத்தில் கருகிய வாடை வருகிறது, வண்டி இடது பக்கமாக இழுக்கிறது என்றார். எனக்கு உடனே புரிந்தது. சிலிண்டர் பிடித்துக்கொண்டு பிரேக் விடாமல் உரசுகிறது. முட்டுக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். சிவப்பைத் தொடாமல் மற்றதைக் கழற்றுங்கள் என்றும் சொன்னேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

"மச்சான், இதுல சிவப்பே தெரியலையே."

"சேறு அப்பியிருக்கும். துடைச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் நான் ஓடி வரணுமா?"

சரி மச்சான் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசில் என்னவோ உறுத்தியது. கியர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எழுந்து போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் வரி, ஐந்து சக்கரம், டிக். என் கையெழுத்துதான். நிம்மதியாகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. எழுதிய பொய்யை எழுதியவனே நம்பினான்.

நாற்பது நிமிடம் கழித்து அவருடைய போனிலிருந்து ரோடு வேலைக்காரர் ஒருவர் பேசினார். உடனே வாங்க என்று மட்டும் சொன்னார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, வாங்க என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை என்பது அங்கிருந்தவர்களின் முகத்திலேயே தெரிந்தது. ரிம்மின் ஒரு பாதி முப்பது அடி தள்ளிக் கிடந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ மண்ணை அள்ளிப் போட்டிருந்தார்கள். வண்டியில் ஏறும் படியின் மேல் ஒரு துணி விரித்திருந்தது. அதன்மேல் நாலு நட்டுகள் வரிசை கலையாமல் இருந்தன. இன்னும் மூன்று கீழே சிதறிக் கிடந்தன. ஏழும் பச்சை. பக்கத்தில் இன்னொரு துணி, சேறு துடைத்த துணி.

சொன்னபடி துடைத்துப் பார்த்திருக்கிறார். சிவப்பு இல்லை. மற்ற மூன்று சக்கரங்களும் சேற்றில் மூழ்கி எழுந்த மாதிரி இருந்தன, அவற்றைப் பார்த்தும் ஒன்றும் தெரிந்திருக்காது. தொடக்கூடாதது எதுவும் இல்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றலாம். தையலைப் பிரிப்பவர் மாதிரி வெளியோரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். எட்டாவது நட்டில் ஸ்பேனர் இருந்தபோது அது நடந்திருக்கிறது. எனக்கு இன்னொரு தடவை போன் செய்து கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம்.

நான் அந்த ஏழு நட்டுகளையும் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கழற்றிய நட்டு தொலைந்துவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் கைக்கு ஊறிப்போன பழக்கம். அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மற்ற மூன்று சக்கரங்களையும் கழுவச் சொன்னார். டாங்கிலிருந்த தண்ணீரை ஊற்றினோம். மூன்றிலும் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. பறந்த ரிம்மைத் தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டே போய்க் குனியவில்லை. இதிலும் சிவப்பு இருந்ததா என்று என்னைக் கேட்டார். நான் நோட்டை நீட்டினேன்.

"நோட்டுல இருக்கு சார்."

அவர் பத்தொன்பதாம் வரியைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார். இவ்வளவு ஒழுங்காக நோட்டு வைத்திருக்கும் சொந்தக்காரரைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்குத் தினமும் போனேன். அவள் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், சாயங்காலம்தான் வருவாள். அழுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் அழவில்லை. ஆத்திரம் தாங்காமல் கொதித்துக்கொண்டிருந்தாள். நான் படித்துப் படித்துச் சொன்னேனாம், அவர் காதில் வாங்கவில்லையாம். ஒரே ஒரு விஷயம், அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் பொண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். அவருடைய தையல் மிஷினைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தாள். அவர் சட்டைகளை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போவேன். ஒவ்வொரு நாளும் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன். அவளுக்கு இருக்கும் ஒரே உறவு நான், நானும் இல்லையென்றால் அவள் என்ன ஆவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எனக்கு இருக்கும் ஒரே உறவு அவள் என்பதுதான் உண்மையான காரணம்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னவோ பேசியிருக்கிறார்கள். முப்பத்தெட்டாவது நாள், அம்மா இன்னும் வராத நேரத்தில், அவள் எனக்கு எதிரே வந்து நின்றாள். ரொம்ப நேரமாக யோசித்து வைத்திருந்த கேள்வி என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"மாமா, அப்பாவுக்குக் கலர் தெரியாதா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே உள்ளே ஓடி, ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நூல்கண்டுப் பெட்டி. அதில் சிவப்பு மட்டும் பதினோரு கண்டுகள். அப்பா சாயங்கால வெளிச்சத்தில்கூட துணியை ஒரு தடவை பார்த்தாலே சரியான சிவப்பை எடுத்துவிடுவார் என்றாள். எந்தத் துணிக்கு எந்த நூல் என்று தன்னையும் எடுக்கச் சொல்லி விளையாடுவாராம், ஒரு தடவைகூட அவர் தோற்றதில்லையாம். பிறகு எப்படி மாமா என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. வண்டிக்குப் போய், இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நட்டுகளையும் நோட்டையும் எடுத்து வந்தேன்.

தங்கை வந்ததும் அவளை உட்காரச் சொன்னேன். ஏழு நட்டுகளையும் மேஜைமேல் வைத்தேன். அந்தச் சக்கரத்து நட்டுகள் என்றேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பச்சையா இருக்கே."

பூச மறந்ததைச் சொன்னேன். செய்வதற்கு முன்னாலேயே டிக் போடும் என் பழக்கத்தைச் சொன்னேன். சிவப்பு தெரியவில்லையே என்று அவர் போனில் கேட்டதைச் சொன்னேன். அதிகாரி கேட்டபோது நோட்டைக் காட்டியதையும் சொன்னேன். குரல் நடுங்காமல் சொல்ல முடிந்ததற்காக என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போன்ல கத்துனீங்களா?"

"ஆமா."

"அதான் திரும்பக் கூப்பிடல." அவள் நட்டைக் கீழே வைத்தாள். "ராத்திரி பகல்னு பாக்காம அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க காப்பி குடிச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவள் கை ஓங்கினால் தேவலை என்று இருந்தது. அவள் ஓங்கவில்லை. எழுந்து போய்த் தையல் மிஷினைச் சுவரிலிருந்து திருப்பினாள். கனமான மிஷின், தரையில் கிறீச்சிட்டது. உதவிக்கு எழுந்த என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பிறகு மகளைக் கூப்பிட்டுத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள். இவள் கேட்டதற்கு உங்கள் வாயாலேயே பதில் சொல்லுங்கள் என்றாள்.

எட்டு டன் வண்டிக்கு அடியில் பயமில்லாமல் படுத்தவன் நான். ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்பாவுக்குக் கலர் நல்லாத் தெரியும்மா. மாமா சொன்னதை அப்படியே செஞ்சாரு. மாமாதான் சிவப்பு பூசல."

மகள் மேஜைக்கு வந்து ஒவ்வொரு நட்டாக எடுத்து, நாலு பக்கமும் பார்த்து, வரிசையாக அடுக்கினாள். ஏழிலும் சிவப்பு இல்லை என்று தனக்குத்தானே உறுதி செய்துகொண்டாள். அவள் அடுக்கிய இடைவெளிகூட அவர் அடுக்குவது மாதிரியே இருந்தது. தங்கை அதைப் பார்த்தாள். முப்பத்தெட்டு நாளில் அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கொஞ்சம் அடங்கியதும் என் முன்னால் நோட்டைத் தள்ளினாள். பத்தொன்பதாம் வரியில் இருந்த டிக்கைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னாள். அடித்தேன். பக்கத்தில் பூசவில்லை என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். நாளைக் காலையில் அந்த அதிகாரியிடம் போய்க் கொடுங்கள், கொடுத்துவிட்டு இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம், நானாகக் கூப்பிடும்வரை வர வேண்டாம் என்றாள். பேச்சு முழுக்க அண்ணா என்ற வார்த்தை வரவில்லை. பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

நட்டுகளையும் கேட்பார்கள் என்று சொன்னேன். அவள் அவற்றை ஒரு துணியில் அள்ளி முடிந்து கொடுத்தாள். வண்டியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது ஆறுதான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். மகள் வாசலில் நின்றிருந்தாள், ஒரு கையை இறுக்க மூடிக்கொண்டு. அதைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆறோடு கிளம்பினேன்.